மீன்கடைப் பலகையில் ஓர் அலை

இது இப்படித்தான் முடியுமென்று நான் முதலே சொன்னேன். கேட்டார்களா?

தங்கச்சி மகள் சுகந்தி டவுனில் கிராபிக் டிசைன் படிக்கிறாள். வெளியாள் ஒருவருக்கு வேலை செய்து, அவருடைய கையெழுத்தை வாங்கினால்தான் சான்றிதழ்.

இன்று கடலோரச் செட்டிபாளையத்தில் மீன்கடை திறக்கப்போகிறவரிடம் பெயர்ப்பலகைப் படத்தைக் காட்டப் போனோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் வீதிக்கும் நூறு தரம் நடந்தேன்.

படம் முழுக்க ஒரு பெரிய நீல அலை. அதைக் கண்டதும் கடை மின்விசிறியே நின்றுவிட்டது.

"வடிவாத்தான் இருக்கு மகள். ஆனா சுனாமிக்குப் பொறகு, இதுக்குக் கீழ என்ட பொஞ்சாதி வந்து நிப்பாளா?" என்றார் கடைக்காரர்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். சுகந்தி கொப்பியைத் திறந்து பென்சிலை எடுத்தாள்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. முதலே கேட்டிருக்கணும். உங்களுக்கு என்ன விருப்பம்?"

"வாவியில விடுற என்ட தோணி. கடலுக்கு நான் இப்ப போறல்ல."

அங்கேயே தோணியைக் கீறினாள். கையெழுத்தும் கிடைத்தது.

முதலே சொன்னேன் என்றேனே, அது மட்டும் பொய். "கீற முந்திக் கேளுங்க எண்டு படிப்பிக்கிற சேர் சொன்னவர், மாமா" என்றவளிடம், "மீன்காரனுக்கு அலைதான், கேட்க என்ன இருக்கு?" என்றவன் நான்.

தங்கச்சி வீட்டு வாசலில் நிற்கிறாள். என்ன சொல்லி உள்ளே போவது? யாராவது சொல்லுங்கள்.