பதினொரு வாழ்த்துச் செய்திகள்

எங்கள் ஆரம்பப் பாடசாலைக்கு ஆண்டு நிறைவு மலர் போடுவதென்று முடிவானதும், வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பாடசாலைக்கு அதைத் தொடங்கிய ஆசிரியையின் பெயர்தான். பெயரைத் தவிர அவரைப் பற்றி அங்கே படிப்பிக்கும் எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அன்புவழிபுரத்தில் அவருடைய மகள் இருப்பதாக அறிந்து தேடிப் போனேன். எண்பதைத் தாண்டியவர், பார்வை போய்விட்டது. நான்கு சனிக்கிழமைகள் சலிக்காமல் சொன்னார். துறைமுகத்தடியில் மீன் பொறுக்கப் போகும் பிள்ளைகளைப் பிடிக்க, வரவு இடாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாய் காலையில் கடற்கரைக்கே போய்விடுவாராம். வீட்டுக் கதிரைகளையெல்லாம் பாடசாலைக்குக் கொடுத்துவிட்டதால் இவர்கள் நிலத்தில் இருந்துதான் சாப்பிட்டார்களாம்.

"எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ பிள்ளை, நான் போறதுக்குள்ள" என்றார்.

பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மலர்க்குழு அதை அரைப் பக்கமாக வெட்டியது. பதினொரு பெரியவர்களின் வாழ்த்துச் செய்திகளுக்கு இடம் வேண்டுமாம்.

அந்தச் செய்திகளை வாங்கி வரும் பொறுப்பும் எனக்கே. கல்விப் பணிப்பாளர், "நீங்களே எழுதிக் கொண்டு வாங்கோ டீச்சர், நான் ஒப்பம் வைக்கிறன்" என்றார். பிரதேச சபைத் தவிசாளரும் அதையே சொன்னார். பழைய மாணவர் சங்கத் தலைவர் தன் படத்தை மட்டும் அனுப்பினார், கறுப்புக் கண்ணாடியோடு. என் வரலாற்றை வெட்டிய இடத்தை நானே நிரப்ப வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு தடவை 'மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன்' என்று எழுத எனக்கென்ன விசரா?

தவிசாளரின் செய்தியில் கதிரைகளை வைத்தேன். பணிப்பாளரின் செய்தியில் கடற்கரையையும் இடாப்பையும் வைத்தேன். மிச்சத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டேன். ஒருவராவது வாசித்தால்தானே! எல்லோரும் ஒப்பம் வைத்துத் தந்தார்கள். ஒப்பத்தைக் கண்டதும் மலர்க்குழுவும் வாயைத் திறக்கவில்லை.

மலர் வந்த அன்றே ஓட்டோ பிடித்துப் போய் ஆசிரியையின் மகளுக்கு வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் யாருடைய செய்தி என்று கேட்டார், சொன்னேன். முடித்தபோது அழுதுகொண்டிருந்தார்.

"அம்மாவை எல்லாரும் மறந்திட்டினம் எண்டு நினைச்சனான். இவ்வளவு பெரிய ஆக்கள் நினைவு வச்சிருக்கினம். அவையளுக்கு நன்றி சொல்லவேணும். நான் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுறீங்களோ?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பதினொரு கடிதம் எழுதினேன், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பணிப்பாளர் பிரித்துப் பார்த்தார். "ஆர் டீச்சர் இந்த அம்மா? என்னத்துக்கு எனக்கு நன்றி சொல்லுறா?"