அக்காவின் ஒரே வார்த்தை

பம்பரம் என்றால்தான் அந்தத் தெருவில் அவனைத் தெரியும். பெயர் வைத்தவள் அவன் மனைவி. உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைதான் அவனுக்கு. ஆனால் உட்கார்ந்த இடத்தில் தங்கமாட்டான். நாற்காலியிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து அடுப்படி, அங்கிருந்து மறுபடி நாற்காலி. அந்த வழியில் தரையே தேய்ந்து வெளுத்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் மெயில் பார்க்க ஒரு பெரிய கம்பெனி போட்ட மென்பொருள் இருக்கிறது. அதில் இல்லாத வசதிகளைச் சின்னச் சின்னத் துணைக்கருவிகளாக எழுதி விற்பான் பம்பரம். மெயிலோடு வரும் கோப்புகளைத் தனியே பிரித்து வைக்க ஒன்று. 'இத்துடன் இணைத்துள்ளேன்' என்று எழுதிவிட்டு எதையும் இணைக்காமல் அனுப்பப் போகிறவரைத் தடுத்து நிறுத்த ஒன்று. பெரிய கம்பெனி எப்போது தன் மென்பொருளைப் புதுப்பிக்கும், அன்று தன் கருவிகளில் எது படுத்துக்கொள்ளும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அந்தப் பயத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தான். பயப்படுகிறவன் வேறு வேலை பார்க்கலாமே என்றால், அதுவும் மாட்டான்.

அவனிடம் அதிகம் விற்பது, ஒரே மெயில் இரண்டாகக் கிடந்தால் ஒன்றை அழிக்கும் கருவி. வாடிக்கையாளர் ஒருவர் போனில் புலம்பினார்.

"ஒரே விளம்பரம் தினம் வருது சார். உங்க கருவி அதைக் கண்டுக்கவே மாட்டேங்குதே."

நியாயம்தானே என்று பட்டது. அதுவரை கருவி மெயிலின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அன்று சாயங்காலம் அந்தத் தேதியை எடுத்துவிட்டான். அனுப்பியவரும் ஒருவர், எழுதியதும் ஒன்றே என்றால், பழையது மட்டும் நிற்கும். புதிது வந்த வேகத்தில், குப்பைக் கூடைக்குக்கூடப் போகாமல் ஒழிந்துபோகும். எந்தக் கருவியையும் வெளியே கொடுக்கும் முன் தன் மெயிலிலேயே போட்டு ஓடவிடுவது அவன் வழக்கம். அன்றும் ஓடவிட்டான்.

மறுநாள் காலை அக்காவின் மெயில் வரவில்லை.

அக்கா தனியாக இருக்கிறாள், பஸ்ஸில் அரை நாள் தூரத்தில். ஒரு காய்ச்சலில் காது போய்விட்டதால் போன் பிரயோஜனமில்லை. தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கைபேசியின் பொடி எழுத்துகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து ஒரே ஒரு வார்த்தை தட்டி அனுப்புவாள்: 'எழுந்துட்டேன்.' ஒரு தடவை குளியலறையில் வழுக்கி விழுந்து, ஆள் வந்து தூக்கும்வரை அப்படியே கிடந்தாளே, அதற்குப் பிறகு இருவரும் பேசிவைத்த ஏற்பாடு. அதைப் பார்த்தால்தான் பம்பரத்துக்கு டீ தொண்டையில் இறங்கும். பார்ப்பான், அடுத்த வேலைக்குப் போவான். பதில் போட்டதில்லை. அதற்குப் பதில் சொல்ல என்ன இருக்கிறது?

கருவியை எழுதியவனுக்கே கருவியின் மேல் சந்தேகம் வரவில்லை. பயம் உள்ளே வந்தால் புத்தி வெளியே போய்விடும். 'அக்கா, என்னாச்சு?' என்று ஒரு மெயில் போட்டான். பதில் இல்லை.

"அவங்க வீட்டுக்குக் கீழ இருக்கிற தையல் கடைக்குப் போன் பண்ணுங்க" என்றாள் மனைவி.

"பண்ணிட்டேன். இன்னைக்குக் கடை லீவு போல, எடுக்கலை."

"அப்போ கிளம்புங்க."

"நான் கிளம்பினதும் மெயில் வந்தா?"

"இங்கயே உட்கார்ந்து பார்த்துட்டு இருக்கேன். வந்தா சொல்றேன். நீங்க இங்க சுத்தறதை பஸ்ல போய்ச் சுத்துங்க."

பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து முன்னால் போவான், திரும்பி வருவான். கண்டக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க நின்னா வண்டி சீக்கிரம் போயிடாது. உட்காருங்க." உட்கார்ந்தான். ஈரத் தரையும் அதில் அக்கா கிடக்கிற கோலமும் கண்ணை விட்டு அகலவில்லை. மனைவியிடமிருந்து போன் வரவே இல்லை.

அக்கா வீட்டில் அழைப்பு மணிக்குப் பதில் உள்ளே ஒரு பல்பு எரியும். அமுக்கினான், அமுக்கிக்கொண்டே இருந்தான். கதவு திறந்தது.

"ஏன்டா இந்த அமுக்கு அமுக்கற? பல்பு போயிடும்."

வாசற்படியிலேயே உட்கார்ந்து, இவ்வளவு வயதுக்குப் பிறகு, விம்மி அழுதான். அக்கா கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு அவன் உதட்டைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"மெயில் வரலையா? காலையில போட்டேன். நீ கேட்டதும் திரும்பப் போட்டேன். அப்புறமும் ரெண்டு தடவை போட்டேன். வந்து பாரு."

பார்த்தான். அனுப்பியவற்றில் வரிசையாக நான்கு 'எழுந்துட்டேன்'. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மனைவியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னான். "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டீங்க" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அக்காவுக்கு நிறுத்தி நிதானமாக விளக்கினான். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ நான் தினம் தினம் எழுந்திருக்கிறது உன் கருவிக்கு ஒரே தடவை எழுந்த மாதிரியா?"

"மாத்திடறேன் அக்கா. பழையபடி தேதியைச் சேர்த்துடறேன்."

"அதைச் செய். ஒரு நாள் என் மெயில் வரலைன்னதும் அடிச்சுப் புடிச்சு ஓடி வந்துட்ட. நானும் அனுப்பிட்டு தினம் கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன்டா. நீ எழுந்தியா இல்லையான்னு எனக்கு யாரு சொல்றது?"

பம்பரம் அந்த நான்கு மெயில்களையும் இன்னொரு தடவை பார்த்தான்.

திரும்பும் பஸ்ஸில் மறுபடி புத்தி சுற்ற ஆரம்பித்தது. அக்கா மெயில் வந்தவுடன் தானே பதில் போடும் ஒரு துணைக்கருவி. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் பாதியை மனதிலேயே எழுதிவிட்டான். அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. சீ என்று விட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தேதியைத் திரும்பச் சேர்த்தான். வாடிக்கையாளருக்கு விளம்பரம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். மறுநாள் காலை அக்காவின் வார்த்தை வந்தது. 'நானும் எழுந்துட்டேன்' என்று தட்டி அனுப்பிவிட்டு, நாற்காலியை விட்டு எழாமல் இருந்தான்.

'இது கருவியா, நீயா?' என்று வந்தது.

'நான்தான் அக்கா.'

பதில் கொஞ்சம் தாமதித்து வந்தது. 'சரி. இனிமேதான் நான் டீ குடிக்கணும்.'