வழுக்கி விழுந்ததாக எழுதிய வாக்குமூலம்

என் வலது கால் இடது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. பிறவியிலேயே அப்படி என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். என் கணவர், பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி அனுப்பும் லாரி ஆபீசில் கிளார்க். அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். வத்தலக்குண்டில் ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. பழைய கார் ஒன்றை வாங்கி, சீசனுக்கு வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைத்து வந்தார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வாரத்தில் மூன்று நாள் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். நானும் அண்ணன் என்று மனசாரச் சொல்லித்தான் பரிமாறியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செண்பகனூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு நானும் கணவரும் மேலே நடந்து வந்துகொண்டிருந்தோம். மூடுபனி இறங்கியிருந்தது. சந்தை முடிந்து வெறும் கூடையோடு பக்கத்து மலைக்கிராமமான பேத்துப்பாறையைச் சேர்ந்த ஓர் அம்மா எதிரே இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்காமல் வளைவை அறுத்துக்கொண்டு எங்கள் ஓரத்துக்கே வந்தது. மலைச்சுவரோடு ஒட்டினேன். அதற்குமேல் ஒதுங்க இடமில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

காரிலிருந்து இறங்கி ஓடி வந்தவர் அந்த அண்ணன்.

"ஐயோ தங்கச்சி, நீயா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கூடைக்காரம்மா தொங்கிக் கிடந்த காலைத் தாங்கிப் பிடிக்க, மூன்று பேரும் சேர்ந்து என்னை அதே காரில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். இடுப்புவரை மாவுக்கட்டு. அண்ணன் தினமும் வந்தார். ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தார். "கேசு கீசுன்னு அலையாதீங்க. காருக்கு இன்சூரன்ஸ் கெடக்கு. எழுதிப் போட்டிருக்கேன். அவங்க பாத்துக்கிருவாங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து, மடித்தபடியே காட்டிவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார். கம்பெனி பெயர் மட்டும் என் கண்ணில் பட்டது. நான் வேறெதையும் கேட்கவில்லை. கண்ணீர் விடுகிற மனிதரிடம் என்ன கேட்பது?

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆனது. கட்டைப் பிரித்தபோது கால் குட்டையாகிவிட்டது தெரிந்தது. பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. என்னால் ஏற முடியவில்லை. சம்பளமில்லாத லீவு நீண்டுகொண்டே போனது. இன்சூரன்ஸ் என்னாயிற்று என்று கேட்டால், "சோலி நடந்துக்கிட்டுத்தான் இருக்கு தங்கச்சி" என்பார்.

எனக்குக் கடிதம் எழுதத் தெரியும். கம்பெனியின் மதுரை ஆபீசுக்கு, கார் நம்பரைப் போட்டு, யாரிடமும் சொல்லாமல் எழுதினேன். டைப் அடித்த நாலு வரி பதில் வந்தது. அந்தக் காரின் பாலிசி விபத்துக்கு நாலு மாதம் முன்பே காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கப்படவில்லை. விபத்தைப் பற்றி எங்கள் கம்பெனிக்கு யாரும் எதுவும் எழுதவில்லை என்று முடித்திருந்தார்கள்.

சாயங்காலம் கணவர் வந்ததும் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்தார். முகத்தில் ஒரு அதிர்ச்சியும் இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்பத்திலேருந்து?"

"அன்னைக்கே. நீ மயக்கத்துல இருக்கிறப்பவே சொல்லி அழுதான். இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினா ஜெயிலு, காரும் போயிரும்னான். அதான் போலீசுல நான் எழுதிக் குடுத்துட்டேன்."

"என்னன்னு?"

"நீதான் வழுக்கி வண்டி மேல விழுந்தேன்னு."

என் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஐந்து மாதம் எனக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறார், தலை பின்னிவிட்டிருக்கிறார். அண்ணன் ஆரஞ்சு உரித்தபோதெல்லாம் கூடவே இருந்திருக்கிறார்.

மறு வாரம் தனியாகப் பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். கூட வேலை பார்த்த டீச்சர் சொன்ன வக்கீல். வயதானவர், அவசரமே இல்லாமல் பேசினார்.

"இன்சூரன்ஸ் இல்லைங்கிறதால கார்க்காரர் தப்பிக்க முடியாதும்மா. அவர் சொந்தத்துலருந்து நஷ்டஈடு கொடுக்கணும். முன்னெல்லாம் பெரிய ஸ்டாம்பு ஒட்டி சிவில் கோர்ட்டுல வழக்குப் போடணும். இப்ப விபத்துக்குன்னே டிரிப்யூனல்னு தனிக் கோர்ட்டு வந்திருக்கு. ஆனா அறுபது நாளைக்குள்ள மனுப் போட்டிருக்கணும்."

"ஆறாவது மாசம் நடக்குதுங்க."

"கட்டோட படுத்துக் கிடந்தீங்க, ஏமாத்தி வச்சிருந்தாங்கன்னு சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேக்கலாம். இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினதுக்குப் போலீஸ் தனியா கேசு போடலாம், ஆனா அதுல உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. கஷ்டம் அது இல்ல. உங்க வீட்டுக்காரர் வாக்குமூலந்தான் கஷ்டம். பார்த்த ஆள் வேற யாராவது உண்டா?"

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஊன்றுகோலோடு நின்றேன். மூன்றாவது வாரம் அந்தப் பேத்துப்பாறை அம்மா கிடைத்தார். பீன்ஸ் கூடையை இறக்கிவிட்டு என் காலைத் தடவிப் பார்த்தார். "நான் வந்து சொல்றேன் தாயி. கார் கோணலா வந்துச்சு, நீ செவத்தோட நின்ன. அதைச் சொல்ல என்ன பயம்?" ஒரு நாள் கூலி போகும் என்பதை அவர் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

ஜட்ஜ் தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்றுக்கொண்டார். விசாரணை நாளில் எதிர்த்தரப்புச் சாட்சியாக ஏறியவர் என் கணவர். அவர் அப்படி வருவார் என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. கூண்டுக்குள் போனதும் மாற்றிச் சொல்லிவிடுவார் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கள் மனைவி எப்படி அடிபட்டார்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வழுக்கி விழுந்துட்டாங்க" என்றார். வீட்டில் என்னை ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

பிறகு பேத்துப்பாறை அம்மா ஏறினார். வக்கீல்கள் மாறி மாறிக் கேட்டும் ஒரே பேச்சுத்தான். கார் நடுரோட்டில் போயிருந்தால் மலைச்சுவரோடு நின்றவள் எப்படி வழுக்கி அதன் மேல் விழ முடியும் என்று அவரே திருப்பிக் கேட்டபோது ஜட்ஜ் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு எனக்குச் சாதகம். ஆனால் அதற்குள் அண்ணன் காரை விற்றுவிட்டிருந்தார். அவர் குடியிருந்த வீடு அவருடைய மச்சான் பெயரில் இருந்தது. கோர்ட்டு அமீனா போய்ப் பார்த்து, ஜப்தி செய்ய ஒன்றுமில்லை என்று எழுதி வந்தார்.

"பணம் கட்டாததுக்கு அவரைச் சிவில் ஜெயிலுக்கு அனுப்பலாம்மா. ஆனா உள்ள இருக்கிற நாளுக்கெல்லாம் அவருக்குச் சாப்பாட்டுச் செலவு நீங்கதான் கட்டணும்" என்றார் வக்கீல்.

"அவர் என்னோட சாப்பாட்டை ஏற்கெனவே நிறையச் சாப்பிட்டாச்சுங்க" என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சமவெளியில் வேலை கேட்டு எழுதிப் போட்டேன். கன்னிவாடியில் கிடைத்தது. மேடு இல்லாத ஊர். பள்ளிக்கு எதிரிலேயே ஒற்றை அறை பிடித்தேன். கணவர் மலையிலேயே இருந்தார். ஒன்பதாவது மாதம் ஒரு காலையில் டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். லாரி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். சிநேகிதரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கு மணி அடித்துவிட்டார்கள். சோறு அடுப்பில் இருக்கிறது, வடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் ஒன்றாக இருந்தோம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்வார் என்று முதல் சில வருஷங்கள் காத்திருந்தேன்.