ஆழத்துக்கு அளந்து வெட்டிய கயிறு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் என் அண்ணன், ஞாயிறுகளில் குண்டசாலைப் பக்கம் மகாவலியில் சிறு தோணி போட்டு மீன் பிடிப்பார். தோணியை நிறுத்தக் கல்லைத்தான் கட்டுவார். அது எனக்குக் கேவலமாகப் பட்டது. கண்டியில் நாலு கொக்கி வைத்த இரும்பு நங்கூரம் வாங்கினேன். அவர் மீன் பிடிக்கும் இடத்தில் மூங்கிலை விட்டு ஆழம் பார்த்தேன். இரண்டு பாகம், பன்னிரண்டு அடி போல. கயிற்றை மூன்று பாகத்தில் வெட்டினேன்.

“பத்தாதுடா தம்பி. ஆறு ஏறுனா?”

“கணக்குப் படிச்சவன் நான்ண்ணே.”

அவர் சிரித்துக்கொண்டே கட்டினார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் தோணியில் இருக்கும்போதே, மலையில் பெய்த மழையால் ஆறு ஏறியது. கொக்கி பாறையில் சிக்கியிருந்ததால் குட்டைக் கயிறு தோணியின் முனையை நீருக்குள் இழுத்தது. கரையில் நின்ற என் கண்ணெதிரே தோணி கவிழ்ந்தது. அண்ணன் கரையோர மூங்கில் புதரைப் பிடித்துத் தப்பினார்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கேட்டவர்களிடம், “நான்தான் ஒழுங்கா கட்டல” என்றார்.

“படிச்ச தம்பிகிட்ட கேட்டுக் கட்டியிருக்கலாம்ல?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கயிற்றை வெட்டியது நான்தான் என்று நான் சொல்லவில்லை.

இப்போது ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விடுகிறோம். அவசரத்துக்குக் கயிற்றை அறுக்கத் தோணியில் கத்தியும் இருக்கும். லயத்தில் என்னைத் தவிர வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. ஆகவே இது அச்சில் வந்ததும், எல்லோரையும் கூட்டிவைத்து நானே உரக்க வாசிப்பேன்.