வேர்முடிச்சு சிவந்த வருஷம்

என் மதினி முத்துமாரியம்மாளைப் போல ஒரு பிடிவாதக்காரியை ஆமத்தூர் பக்கம் பார்க்க முடியாது. எங்கள் புஞ்சை மூலையில் பட்டாசு மருந்து கலக்கும் அறை ஒன்று இருந்தது. அது வெடித்ததில் என் அண்ணன் செல்லப்பாண்டி போய்விட்டார். அள்ளியது போக மிச்சம் மண்ணோடு மண்ணாயிற்று. "அந்தப் புஞ்சைய வித்துத் தொலைங்க மதினி" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

இடிபாட்டை அகற்றிவிட்டு ஐப்பசி மழைக்குத் தட்டாம்பயறு விதைத்தாள். புஞ்சை முழுக்க வெளிர்பச்சை, அறை இருந்த இடம் மட்டும் கரும்பச்சை.

"பாத்தியா, ஒங்க அண்ணன் அங்கன நிக்காக."

நான் அந்தப் பக்கம் தனியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

அவள் மகள் அனுப்பிரியா வேளாண்மை படிக்கிறவள். அங்கே ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் மொட்டையாக இருந்தது. "மண்ணுல வெடியுப்பு கெடக்கும்மா, அதான் இங்க மட்டும் கரும்பச்சை. தழைச்சத்து சும்மா கெடைக்கையில செடி எதுக்கு வேர்முடிச்சு வைக்கும்?" என்றாள். வேறு இடத்துச் செடியைப் பிடுங்கினால் மிளகு போல முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே ரத்தச் சிவப்பு. நம் ரத்தத்துக்குப் பங்காளிதானாம் அதுவும். முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர் காற்றைப் பிடித்துச் சத்தாக்குகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் கூடுதலாய்ப் பட்டால் கெட்டுவிடும், அதனால் இந்தச் சிவப்பு அளந்து கொடுக்கிறது. ஆக்கிய சத்தைச் செடிக்கு விட, நுண்ணுயிரைச் சுற்றியிருக்கும் சவ்வில் புரதங்கள் வாசல் காக்கின்றன. "உப்பு கரைஞ்சு போனா இங்கனயும் செவக்கும்மா" என்று முடித்தாள்.

போன வருஷம் அந்த இடமும் மற்றதைப் போல வெளுத்தது. அனு ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சைக் கீறி நீட்டினாள். சிவப்பு.

"மண்ணு தேறிருச்சும்மா."

மதினி அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப அவுக போயிட்டாகளா?"



இந்த வருஷம் அந்த இடம் மறுபடியும் கரும்பச்சை. வரப்பில் பொட்டாசியம் நைட்ரேட் உரச்சாக்கு ஒன்று மடித்துக் கிடந்தது. அதுவும் வெடியுப்பும் ஒன்றுதான் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? அனு மொட்டை வேரைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் கேட்கக் கிளம்பினாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடு தாயி. ஒங்கப்பன் இருக்கட்டும்."