மதனவதியின் சிவப்புக் கம்பளி

மதனவதியின் ஒரே மகள் பிராமி 1968 ஆவணியில், ஆறு வயதில், டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனாள். பதினோரு நாள்தான் படுக்கையில் கிடந்தாள்.

அதன்பிறகு மதனவதி தலை வாருவதை விட்டாள். திருப்பருத்திக்குன்றத்தில் நெல் பயிரிடும் சமணக் குடும்பம் அவர்களுடையது. பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடுவது வழக்கம். கணவர் ரிஷபதாஸே வயலிலிருந்து சீக்கிரம் திரும்பி, சோறு வடித்து அவள் எதிரே வைப்பார். பல நாள் அது அப்படியே கிடக்கும். இரண்டு முறை கிணற்று மேட்டில் குனிந்து நின்றவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மறுநாளே கிணற்றைப் பலகை போட்டு மூடினார்.

பக்கத்துவீட்டுக் கமலவேணி தறிக்காரர் மனைவி. "எங்க வூட்டுல பட்டு நூல் சுத்திக் குடேன்மா. கைக்கு வேலை இருந்தா மனசு ஆறும்" என்றாள்.

"புழுவை வெந்நீர்ல போட்டுத்தானே அந்த நூல எடுக்கிறாங்க? நான் தொட மாட்டேன்கா."

பிராமியின் பள்ளியில் தையல் டீச்சராக இருந்த மரியம்மாள் கார்த்திகையில் ஒரு நாள் வந்தாள். குன்னூரில் இருக்கும் தங்கை அனுப்பிய சிவப்புக் கம்பளி நூலும், நீளமான இரண்டு பின்னல் ஊசிகளும் கொண்டுவந்தாள்.

"இது ஆட்டு மயிர்மா. கத்தரிச்சா திரும்ப வளந்துக்கும். உசுரு போறதில்ல."

"யாருக்குப் பின்றது டீச்சர்? யாரு இருக்குது எனக்கு?"

"யாருக்கும் வாணாம். சும்மா எண்ணிக்கினே பின்னு."

எப்படிப் பின்னுவது என்று காட்டிவிட்டுப் போனாள். பத்து நாள் ஊசி தொடப்படாமல் கிடந்தது. ஒரு நாள் மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டுப் பிள்ளைகள் தெருவில் கூச்சலிட்டுக்கொண்டு வந்தார்கள். தாங்க முடியாமல் ஊசியை எடுத்தாள். இருபது கண்ணி பின்னினாள், பிறகு மறுபடி இருபது. நிமிர்ந்தபோது தெரு காலியாக இருந்தது. பிள்ளைகள் போனதே அவளுக்குத் தெரியவில்லை. மகளை மறந்துவிட்டோமோ என்று பயந்து எல்லாவற்றையும் மூலையில் வீசினாள். மறுநாள் நான்கு மணிக்கு அவளே போய்ப் பொறுக்கி எடுத்தாள்.

தை மாதத்துக்குள் ஒரு சட்டை உருவானது. ரிஷபதாஸ் அதைத் தூக்கிப் பார்த்தார். ஆறு வயதுக் குழந்தையின் அளவு. அவர் இரு கைகளையும் நீட்ட, மதனவதி அழுதுகொண்டே அதைப் பிரித்து நூலை அவர் கைகளில் சுற்றினாள். பிறகு மரியம்மாளிடம் இன்னும் நூல் வாங்கி, அவர் அளவுக்குப் பெரிதாக ஒன்று ஆரம்பித்தாள்.

சித்திரையில் முடிந்தது. ஒரு கை விரல் நுனி வரை தொங்கியது; மற்றது முழங்கையோடு நின்றது. உச்சி வெயிலில் ரிஷபதாஸ் அதை மாட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார். வேர்வை கொட்டியது.

"கழட்டுங்க! இன்னா, பயித்தியமா புடிச்சிக்கினு இருக்குது?"

"குளுருதும்மா" என்றார்.

மதனவதி சிரித்துவிட்டாள். எட்டு மாதம் கழித்து வந்த தன் சிரிப்புச் சத்தம் தன் காதில் விழுந்ததும், வாயைப் பொத்திக்கொண்டு உடைந்து அழுதாள். அவர் சட்டையைக் கழற்றாமலே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. ஒவ்வொரு ஆவணியிலும் அவள் நாள் கணக்கில் பேசாமல் கிடப்பாள். "வலி அப்டியேதான் இருக்குது டீச்சர்" என்று பல வருஷம் கழித்து மரியம்மாளிடம் சொன்னாள். "ஆனா ஊசி கையில இருக்கிற நேரம் கொஞ்சம் மூச்சு வுட முடியுது."

அப்போது அவள் பட்டுச் சேலைக் கரையில் வருவது போன்ற மாங்காய் உருவம் ஒன்றைப் பின்னிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவையும் அது கத்தரிக்காய் போலத்தான் வந்திருந்தது.