அஞ்சாவது பாட்டை ஏன் அங்க வெச்சீங்க?

போன சனிக்கிழமை கடப்பாக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு பொய் சொன்னேன். ஒரே வார்த்தைப் பொய் - 'அதேதான்.'

கால் மணி நேரத்துக்குள் மாட்டிக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தில் அடுத்தவர்கள் அசடு வழிந்த கதைகளை எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறீர்கள். இந்த வாரம் என் முறை. நியாயம்தானே?

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பத்திரிகையின் செயலியில் நான் ஒரு அறிவியல் புனைகதை எழுதியது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒன்பது அத்தியாயம். மதி என்று ஒரு பெண், ஜன்னலே இல்லாத விண்கலத்தில் தன்னந்தனியாகப் போகிறாள். வெளியே என்ன இருக்கிறது என்று அவளால் பார்க்க முடியாது. பூமியிலிருந்து ஒரு செய்தி அவளிடம் வந்து சேர நான்கு வருடம் ஆகும். அவ்வளவுதான் கதை.

முதல் அத்தியாயம் வெளியாவதற்கு முந்தைய நாள், செயலியைப் பார்த்துக்கொள்ளும் பெண் போன் செய்தார். 'சார், கதையோட ஒரு பிளேலிஸ்ட் போடலாம்னு இருக்கோம். ஒவ்வொரு சாப்டருக்கும் ஒரு மியூசிக். எழுதும்போது நீங்க என்ன கேப்பீங்களோ, அதையே குடுத்துடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்.'

எழுதும்போது நான் என்ன கேட்பேன்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேளம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில், டைனிங் டேபிளில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மேல் வீட்டு மிக்ஸி கேட்கும். கீழே ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிடுவது கேட்கும். என் மனைவி பார்க்கும் சீரியலில் யாராவது அழுவது கேட்கும். இசை என்று நான் கேட்பது ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்கும்போது பழைய சினிமாப் பாட்டு. அதுவும் தானாக ஓடுவதுதான்...

இதையா கொடுப்பது? விண்வெளிக் கதை எழுதுகிற ஆள், மிக்ஸி சத்தத்தில் எழுதினான் என்றா?

வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அதற்குப் போய் வெட்கப்பட்டேனே என்பதுதான் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

அரை மணி நேரத்தில் வேலையை முடித்தேன். விண்வெளி இசை என்று தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்து கொட்டியது. அட்டைப் படத்தைப் பார்த்தேன். கறுப்பு வானம் இருந்தால் ஒன்று எடுத்துக்கொண்டேன். சிவப்புக் கிரகம் இருந்தால் ஒன்று. இசையமைத்தவர் பெயர் வாயில் நுழையவில்லை என்றால் கண்டிப்பாக ஒன்று. முதலாவதை மட்டும் பத்து விநாடி ஓடவிட்டேன். 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம். சரி, எல்லாமே இப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு குறிப்பு வேறு எழுதிக் கொடுத்தேன்.

'இந்தக் கதையை எழுதிய மூன்று மாதமும் இந்த இசை என் கூடவே இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்து முடித்ததும் அதற்குரிய இசையை முழுதாகக் கேளுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். அதுவும் கதையின் ஒரு பகுதிதான்.'

யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

பாராட்டு வந்தது. 'சார், உங்க டேஸ்டே வேற லெவல்' என்று நாலைந்து பேர் எழுதினார்கள். நன்றி சொன்னேன். மூன்றாவது வாரம் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். என் மனைவி மட்டும், 'இதெல்லாம் எப்பங்க கேட்டீங்க?' என்றாள்.

'வாக்கிங் போறப்ப.'

'வாக்கிங் எப்பங்க போனீங்க?'

பேச்சை மாற்றினேன்.

போன மாதம் பத்திரிகை மூலமாக ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில் நீல மையில் எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் வசந்தா. கடப்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். 'ஐயா, நானும் என் கணவரும் உங்கள் கதையை முழுவதும் படித்தோம். பாட்டும் கேட்டோம். அவருக்குக் கண் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். அவருக்கு உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமாம். இந்தப் பக்கம் வந்தால் எங்கள் கடைக்கு வரவும்.' கீழே போன் நம்பர்.

ஒரு போன் போட்டு முடித்திருக்கலாம். நேரில் போனேன். ஏன்? ஒரு வாசகர் முன்னால் எழுத்தாளராக உட்காரும் ஆசை. வேறென்ன?

கோவளம் போய்ப் பாண்டிச்சேரி பஸ் பிடித்தேன். மாமல்லபுரம் தாண்டியதும் ஜன்னலோர சீட் கிடைத்தது. கல்பாக்கம் தாண்டுவதற்குள் காலம், தூரம், ஒளியின் வேகம் பற்றி ஒரு சின்ன உரையே தயார்.

கடலோரத்துப் பழைய கோட்டைக்குப் போகும் ரோடு பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் செய்ய ஒரு மெஷின். வசந்தாவுக்கு நாற்பத்தைந்து இருக்கும். கணவர் ஏழுமலைக்குக் கிட்டத்தட்ட என் வயது. மீன் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில், மூன்று வருடத்துக்கு முன் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

என் குரல் கேட்டதும் எழுந்து கையை நீட்டினார். என் கை வந்து சேரும்வரை நீட்டியபடியே நின்றார்.

'குந்துங்க சார். வசந்தா, டீ சொல்லும்மே.'

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் வசந்தா படிப்பாராம். அத்தியாயம் முடிந்ததும் பாட்டு.

'பாட்டு ஓடும்போது யாரு வந்தாலும் ஜெராக்ஸ் கெடையாது சார்' என்றார் வசந்தா. 'முழுசா கேக்கணும்னு நீங்க எழுதியிருந்தீங்கல்ல. மூணாவது பாட்டு பதினெட்டு நிமிசம். ஒருத்தரு ஆதார் கார்டை கையில வெச்சிகினு நின்னுகினே இருந்தாரு. இவரு என்னை எழுந்துக்கவே விடல.'

'மொதல்ல எனக்கும் பேஜாராத்தான் இருந்துச்சி சார்' என்றார் ஏழுமலை. 'பாட்டே இல்ல. ங்கொய்னு ஒரே சத்தம். அப்பால புரிஞ்சிது. வெளிய ஒண்ணும் தெரியாம உள்ளயே குந்திகினு கீற ஆளுக்கு இஞ்சின் சத்தம்தான் துணை. எனக்குத் தெரியாதா சார் அது?'

தலையாட்டினேன். நான் தலையாட்டினால் அவருக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. 'ஆமாம்' என்றேன்.

'ஆறாவது, எட்டாவது பத்தியும் கேக்கணும். ஆனா மொதல்ல இத சொல்லுங்க. அஞ்சாவது பாட்டை ஏன் அங்க வெச்சீங்க?'

ஐந்தாவது அத்தியாயத்தில் மதியின் அம்மா இறந்துபோன செய்தி வருகிறது. நான்கு வருடம் கழித்து. அவள் அழுவதோடு அத்தியாயம் முடிகிறது. சரி, அங்கே என்ன பாட்டு வைத்தேன்? அட்டையில் இருந்த சிவப்புக் கிரகம் மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

'நீங்க என்ன நினைக்கறீங்க?' என்று கேட்டேன். எழுத்தாளர்கள் தப்பிக்கும் வழி.

'குத்துப் பாட்டு மாதிரி கீது சார் அது. மோளம், கைத்தட்டு, நாலு பேரு கத்திகினு ஆடுறாப்புல. அம்மா செத்த எடத்துல போயி.'

'யாரோ மாத்திப் போட்டுட்டாங்கன்னு நான் சொன்னேன்' என்றார் வசந்தா. 'இவரு ஒத்துக்கல. ரெண்டு நாளு சண்டை.'

'எழுதினவரு சும்மா வெப்பாரா? நான் யோசிச்சிகினே இருந்தேன் சார். அந்தப் பொண்ணுக்கு சேதி இன்னிக்குதான் வருது. ஆனா அம்மா செத்து நாலு வருசம் ஆயிட்ச்சி. ஊர்ல கீறவங்க அழுது முடிச்சி, எல்லாம் மறந்துட்டாங்கோ. இப்ப அங்க எவன் வூட்லயோ கல்யாணம். இவ இங்க அழுவுறா, அங்க மோளம் அடிக்குது. அதான சார்?'

நான் ஆடிப்போனேன். என் கதையில் இப்படி ஒரு இடம் இருப்பது எனக்கே தெரியாது.

அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'இல்லை, இது நீங்க கண்டுபிடிச்சது' என்று ஒரு வரி போதும். அவர் முகம் என் குரல் வரும் பக்கமாகத் திரும்பிக் காத்திருந்தது.

'அதேதான்' என்றேன்.

தொடையில் ஒரு தட்டு தட்டினார். 'சொன்னேனா இல்லியா?' என்று வசந்தா இருந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். 'எங்க நைனா செத்தப்ப நான் லோடு ஏத்திகினு கேரளா போயிருந்தேன். செல்லு இல்லாத காலம். நாலாம் நாளு வந்து எறங்குறேன். எல்லாரும் அழுது ஓஞ்சிட்டாங்கோ. எதிர் வூட்ல நிச்சயதார்த்தம், மைக் செட்டு போட்டுகினு கீறாங்க. நான் எங்க போயி அழுவேன்? குளிச்சிட்டு, சோறு துன்னுட்டு படுத்துட்டேன். உங்களுக்கு எப்டி சார் இது தெரிஞ்சிது?'

நான் பதில் சொல்லவில்லை. தெரியாத விஷயத்துக்கு மௌனமாக இருந்தால் ஆழமான ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள். அதையும் செய்தேன்.

'ஒரு தபா உங்களோட சேந்து கேக்கணும் சார்' என்றார். 'எழுதினவரு பக்கத்துல குந்தி கேட்டா வேற மாதிரி இருக்கும்ல.'

வசந்தா போனில் பாட்டைப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கேட்டேன். மேளம். கைத்தட்டல். புரியாத மொழியில் ஒரே கும்மாளம். நான் கண்ணை மூடிக்கொண்டு, ரசிப்பது போல விரலால் தாளம் போட்டேன். மூன்று நிமிடம் இருக்கும்... சட்டென்று நின்றது. அமைதி.

அப்பாடா.

'இந்த முடிவுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது' என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். 'சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் கிளம்பறேன்.'

ஏழுமலை அசையவில்லை. தலையை லேசாகச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். வசந்தா என்னையே பார்த்தார்.

'சார்' என்றார் ஏழுமலை மெதுவாக. 'இன்னும் முடியல சார்.'

எங்கோ தூரத்திலிருந்து ஒற்றை மேளம். ஒரு அடி. பிறகு இன்னொன்று. கல்யாணக் கூட்டம் கலைந்த பிறகு யாரோ ஒருவர் மட்டும் அடித்துக்கொண்டிருப்பது போல. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடியது. உட்காரவும் முடியாமல், போகவும் முடியாமல் நின்றுகொண்டே கேட்டேன்.

பாட்டு முடிந்தது. 'டீ குடிச்சீங்களா சார்?' என்று கேட்டார் ஏழுமலை. அவ்வளவுதான். ஆறாவது பற்றியும் கேட்கவில்லை. எட்டாவது பற்றியும் கேட்கவில்லை.

வசந்தா பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார்.

'நீங்க அந்தப் பாட்டை கேட்டதே இல்ல. இல்ல சார்?'

'இல்லைங்க.'

'மத்தது?'

'ஒண்ணுகூடக் கேட்கலை.'

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். 'மொத தபா அத கேட்டுட்டு அவரு அழுதாரு சார். கல்யாணம் ஆன இந்த இருவத்திரெண்டு வருசத்துல அவரு அழுது நான் பாத்ததில்ல. கண்ணு போச்சுன்னு டாக்டர் சொன்னப்பகூட அழுவல.'

'நான் வந்து அவர்கிட்ட சொல்லிடட்டுமா?'

'சொல்ற மாதிரி இருந்தா அங்கயே சொல்லியிருப்பீங்க.'

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பஸ் வந்தது. நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? ஏறிவிட்டேன். இருநூறு அடி நடந்து போய், பார்வை இல்லாத ஒரு மனிதர் முன்னால் நின்று, 'பொய் சொன்னேன்' என்று சொல்லத் தைரியம் இல்லை. அவரால் என் முகத்தைப் பார்க்கவே முடியாது. அப்படியும் தைரியம் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் டைனிங் டேபிளில் உட்கார்ந்து, என் கதையை முதல் அத்தியாயத்திலிருந்து படித்தேன். ஒவ்வொன்று முடிந்ததும் அதற்கான பாட்டு, பாதியில் நிறுத்தாமல். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இரண்டாவது பாட்டு அந்த இடத்துக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. எட்டாவது வெறும் இரைச்சல். பதினெட்டு நிமிடப் பாட்டில் ஐந்தாவது நிமிடமே கை போனுக்குப் போனது. கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது சரி... அது இஞ்சின்தான்.

ஐந்தாவதை மூன்று முறை கேட்டேன். எதிர் வீட்டு நிச்சயதார்த்தம், மைக் செட்டு, சோறு தின்றுவிட்டுப் படுத்த மனிதர் எல்லாம் அதில் இருந்தது. அதை அங்கே வைத்தது நான் இல்லை. நான் வைத்தது சிவப்பாக ஒரு அட்டைப் படம்.

ஒருவரும் முழுதாக நம்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நாம் சின்னச் சின்னதாகப் புளுகுகிறோம். யாரோ ஒருவர் முழுதாக நம்பிவிடுகிறார். கடை வியாபாரத்தை நிறுத்திவைத்து நம்புகிறார். அப்போது எங்கே போய் நிற்பது?

திங்கட்கிழமை செயலிப் பெண்ணிடம், அந்தக் குறிப்பை எடுத்துவிடுங்கள் என்றேன். 'எதுக்கு சார், நல்லாத்தானே போயிட்டிருக்கு' என்றார். விஷயத்தைச் சொன்னேன். 'சரி சார், எடுத்துடறேன்' என்றார். குறிப்பைப் படித்து ஏமாந்த மற்றவர்களுக்காகத்தான் இந்தப் பத்தி. மன்னித்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை கடப்பாக்கத்துக்கு போன் செய்தேன். வசந்தா எடுத்தார். என் குரலைக் கேட்டதும் போனை ஏழுமலையிடம் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அட்டைப் படம், மிக்ஸி, சீரியல், 'அதேதான்', எதையும் விடவில்லை.

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

'தெரியும் சார்' என்றார் ஏழுமலை. 'அன்னிக்கே தெரிஞ்சிட்ச்சி. பரவால்ல, அந்தப் பாட்டு அங்கியே கெடக்கட்டும். எனக்கு அது சரியாத்தான் கீது.'

'மன்னிச்சிடுங்க' என்றேன்.

'இருக்கட்டும் சார்.' கொஞ்சம் தயங்கினார். 'ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?'

'கேளுங்க.'

'கதையாச்சும் நீங்க எழுதினதுதான சார்?'